வீடியோ கேம் குழந்தைகளைக் கெடுக்கிறதா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

1942 ஜனவரி மாதம். பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பான் குண்டு வீசி ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அமெரிக்கா முழுவதும் போர் பற்றிய பேச்சு. அந்த நேரத்தில் நியூயார்க் நகர மேயர் பியோரெல்லோ லா கார்டியா, கையில் பெரிய சுத்தியலுடன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று சில இயந்திரங்களை உடைத்துக் கொண்டிருந்தார். அவை எதிரியின் ஆயுதங்கள் அல்ல. மிட்டாய்க் கடைகளிலும் மதுக்கடைகளிலும் வைக்கப்பட்டிருந்த பின்பால் இயந்திரங்கள்!

பின்பால் என்பது மிகவும் எளிமையான விளையாட்டு. காசு போட்டால் ஒரு இரும்புக் குண்டு மேலே பாயும். அங்கும் இங்கும் முட்டி மோதிக் கீழே உருண்டு வரும். எங்கே மோதுகிறதோ அதற்கேற்ப புள்ளிகள் ஏறும். இதற்காகவா ஒரு மேயர் சுத்தியலைத் தூக்கினார் என்று கேட்கலாம். அவர் சொன்ன குற்றச்சாட்டு இதுதான்: இந்த இயந்திரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய உணவுக் காசைத் திருடுகின்றன. இது விளையாட்டு இல்லை, சூதாட்டம். இதன் பின்னால் இருப்பவர்கள் ரவுடிக் கும்பல்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. குண்டைத் தட்டி மேலே அனுப்ப உதவும் ஃபிளிப்பர் என்ற கைகள் பின்பாலுக்கு வந்தது 1947-ல்தான். அதற்கு முன் காசு போட்டவருக்குக் குண்டை ஏவி விடுவதையும் இயந்திரத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்பதையும் தவிர வேறு வேலை கிடையாது. மீதி எல்லாம் அதிர்ஷ்டம். வீடியோ கேம் பற்றிய விவாதத்துக்கு முன்னுரை போல அமைந்த இந்த முதல் வழக்கில், குற்றம் சாட்டியவரின் கண் பையனின் சட்டைப்பையில் இருந்தது. அவன் மனத்திலோ, அவன் பார்க்கும் காட்சியிலோ இல்லை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

நியூயார்க்கின் தடை 34 வருடம் நீடித்தது. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர், நகர சபை உறுப்பினர்கள் முன்னிலையில் ஒரு பின்பால் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். குண்டு எந்த வழியாகப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஏவினார். சொன்ன வழியிலேயே போனது! இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்கினார்கள். (திறமையா அதிர்ஷ்டமா என்ற இதே கேள்விதான் நம் ஊரில் ஆன்லைன் ரம்மி வழக்குகளிலும் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.)

வேடிக்கை என்னவென்றால், பின்பாலுக்கு விடுதலை கிடைத்த அதே 1976-ல்தான் அடுத்த குற்றவாளியும் பிறந்தது. எக்ஸிடி என்ற கலிபோர்னியா நிறுவனம் 'டெத் ரேஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை. ஒரு கார். அங்கும் இங்கும் ஓடும் குச்சி உருவங்கள். அவற்றின் மேல் காரை ஏற்றினால் ஒரு அலறல் சத்தம், அந்த இடத்தில் ஒரு கல்லறைச் சிலுவை. இன்று பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அன்று தேசிய பாதுகாப்பு கவுன்சிலே கண்டித்தது, தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. அவை மனிதர்கள் இல்லை, குட்டிச்சாத்தான்கள் என்று நிறுவனம் சமாளித்தது. எதிர்ப்பு கூடக் கூட விற்பனையும் கூடியது என்பது தனிக் கதை.

இங்கேதான் கேள்வி திசை மாறியது. அதுவரை "இது பிள்ளையின் காசைப் பிடுங்குகிறதா?" என்பது கேள்வி. இனிமேல் "இது பிள்ளையைக் கொலைகாரனாக்குமா?" என்பது கேள்வி.

இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1954-ல் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் புத்தகங்கள் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். செனட் விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை ஏற்படுத்திக் கொண்டார்கள். வெர்தாமின் குறிப்பேடுகள் பல காலம் பூட்டியே இருந்தன. அவை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின், கரோல் டில்லி என்ற பேராசிரியை அவற்றைப் படித்துப் பார்த்தார். சிறுவர்கள் சொன்னதை வெர்தாம் வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் எழுதியிருக்கிறார் என்று 2012-ல் ஆதாரத்தோடு வெளியிட்டார். ஒரு தொழிலையே முடக்கிய புத்தகத்தின் லட்சணம் அது!

1961-ல் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்போர்டில் நடத்திய பொம்மைச் சோதனை இதைவிட நேர்மையானது. நம் தஞ்சாவூர் பொம்மை போலத் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்கும் ஒரு காற்றடைத்த பொம்மை. பெரியவர் ஒருவர் அதை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அதே மாதிரி அடித்தார்கள். குழந்தைகள் பார்த்துக் கற்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பதும் பக்கத்து வீட்டுப் பையனை அடிப்பதும் ஒன்றா? இந்தச் சந்தேகம் அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை.

1980களின் தொடக்கத்தில் பாக்-மேன் மாதிரி விளையாட்டுகள் தெருவுக்குத் தெரு வந்தன. 1981-ல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் நாடு முழுவதும் வீடியோ கேம்களைத் தடை செய்தார். 1982 நவம்பரில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், இந்த விளையாட்டுகள் பிள்ளைகளை உடலாலும் உள்ளத்தாலும் அடிமையாக்குகின்றன என்று ஒரு கூட்டத்தில் பேசினார். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. மறுநாளே அவர், அது என் சொந்தக் கருத்து, அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று விளக்கம் கொடுத்தார். முதல் நாள் செய்தி எல்லோருக்கும் நினைவில் நின்றது. இரண்டாம் நாள் செய்தியை யார் படிக்கிறார்கள்?

உண்மையான போர் 1993-ல் நடந்தது. 'மார்ட்டல் காம்பாட்' என்ற சண்டை விளையாட்டு அந்த செப்டம்பரில் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. தோற்றவனின் இதயத்தைப் பிடுங்குவது, தலையை முதுகெலும்போடு உருவுவது என்றெல்லாம் காட்சிகள். நிண்டெண்டோ நிறுவனம் தன் பதிப்பில் ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது. சேகா நிறுவனமோ ரத்தத்தை ஒளித்து வைத்து, ரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் தெரியும்படி செய்தது. அந்த வரிசை பள்ளிக்கூடத்தில் வாய்வழியாகவே பரவிவிட்டது. எது அதிகம் விற்றது என்று சொல்லவும் வேண்டுமா? சேகாதான்!

டிசம்பர் 9 அன்று செனட்டர்கள் ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் விசாரணை நடத்தினார்கள். அங்கே குழந்தைகளைப் பற்றிய கவலையை விட, சேகாவும் நிண்டெண்டோவும் ஒருவரையொருவர் காட்டிக் கொடுத்ததுதான் சுவாரசியம். சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் 1994-ல் தொழில்துறையே இ.எஸ்.ஆர்.பி. என்ற வயதுச் சான்றிதழ் அமைப்பைத் தொடங்கியது. காமிக்ஸ்காரர்கள் செய்த அதே வேலை. சான்றிதழ் வந்த பிறகு நிண்டெண்டோவும் மார்ட்டல் காம்பாட்டின் இரண்டாம் பாகத்தை ரத்தத்தோடு வெளியிட்டது. சான்றிதழ் ஒரு விதத்தில் அனுமதிச் சீட்டாகவும் ஆகிவிட்டது.

அந்த விசாரணைக்கு மறுநாள், 1993 டிசம்பர் 10 அன்று, 'டூம்' வெளியானது. கையில் துப்பாக்கியோடு அரக்கர்களைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டு. 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். 12 மாணவர்களும் ஒரு ஆசிரியரும் அன்று இறந்தார்கள். கொன்றவர்கள் டூம் விளையாடியவர்கள். ஒருவன் டூமுக்குச் சொந்தமாக வரைபடங்களும் செய்திருந்தான். தன் பள்ளிக்கூடத்தையே வரைபடமாகச் செய்து பயிற்சி எடுத்தான் என்று செய்தி பரவியது. அப்படி ஒரு வரைபடம் கிடைக்கவே இல்லை. கொல்லப்பட்ட ஆசிரியரின் குடும்பத்தினர் கேம் நிறுவனங்கள் மீது போட்ட வழக்கு 2002-ல் தள்ளுபடியானது. அவர்களின் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இறந்தவரின் இழப்புக்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா?

அதே 2002-ல் அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவும் கல்வித்துறையும் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்கள், அவற்றைச் செய்த 41 பேர். எத்தனை பேர் வன்முறை வீடியோ கேம்களில் ஆர்வம் காட்டினார்கள்? 12 சதவீதம். வன்முறைப் படங்களில் 27 சதவீதம். ஆனால் 37 சதவீதம் பேர் தாங்களே எழுதிய கவிதை, கட்டுரை, நாட்குறிப்புகளில் வன்முறையைக் கொட்டியிருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லி யாரும் ஊர்வலம் போகவில்லை. ஆனால் அந்த நோட்டை ஒரு ஆசிரியர் கவனித்துப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி மனதை உறுத்துகிறது.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். 2000-ல் கிரெய்க் ஆண்டர்சனும் காரென் டில்லும் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவுக்கு 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' என்ற துப்பாக்கி விளையாட்டு. இன்னொரு பிரிவுக்கு 'மிஸ்ட்' என்ற அமைதியான புதிர் விளையாட்டு. பிறகு ஒரு போட்டி. தோற்ற எதிராளிக்குக் காதைக் கிழிக்கும் சத்தத்தைத் தண்டனையாக அனுப்பலாம். துப்பாக்கி விளையாட்டு ஆடியவர்கள் சற்றுக் கூடுதல் நேரம் சத்தத்தை அழுத்தினார்கள். இதையும் இது போன்ற பல சோதனைகளையும் வைத்துத்தான் "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்ற தலைப்புச் செய்திகள் வந்தன. ஆனால் கொஞ்சம் கூடுதல் நேரம் சத்தம் எழுப்புவது வன்முறையா, வெறும் எரிச்சலா?

எரிச்சல்தான் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. 2011-ல் அடாச்சி, வில்லோபி என்ற இருவர், வன்முறையை விடப் போட்டிதான் காரணம் என்று காட்டினார்கள். கார் பந்தய விளையாட்டிலும் அதே கோபம் வருகிறதாம். 2014-ல் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் குழுவினரும் இன்னும் அழகான ஒரு சோதனை செய்தார்கள். டெட்ரிஸ் விளையாட்டில், ஆடுபவருக்கு எந்தக் கட்டம் உதவாதோ அதையே கொடுக்கும்படி மாற்றினார்கள். ரத்தமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனால் ஆடியவர்களின் கடுகடுப்பு கூடியது. தெருக் கிரிக்கெட்டில் அவுட் இல்லை என்று சண்டை போட்ட யாருக்கும் இது புதிய செய்தி இல்லை.

பிற்பாடு வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சுமார் 17,000 பேரைத் தொடர்ந்து கவனித்த 24 ஆய்வுகளை 2018-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, வன்முறை விளையாட்டுக்கும் கைகலப்புக்கும் சிறிய தொடர்பு தெரிந்தது. 2019-ல் ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும், எதை எப்படி அளப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் பதின்வயதினரையும் அவர்களின் பெற்றோரையும் ஆய்வு செய்தார்கள். தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. 2020-ல் அமெரிக்க உளவியல் சங்கம், கத்துவது தள்ளுவது போன்ற சின்ன ஆக்ரோஷத்துக்குச் சிறு தொடர்பு உண்டு, ஆனால் கொலை போன்ற வன்முறைக்கு வீடியோ கேமைக் காரணம் சொல்ல ஆதாரம் போதாது என்று தீர்மானம் போட்டது. இதுதான் இன்றைய நியாயமான பதில் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த இளவயதினர் வன்முறைக் குற்றங்கள், கேம் விற்பனை ஏறிய காலத்தில் இறங்கின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேம்தான் குற்றத்தைக் குறைத்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நீதிமன்றமும் இதைத்தான் கேட்டது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வன்முறை விளையாட்டை விற்கக் கூடாது என்று கலிபோர்னியா 2005-ல் சட்டம் போட்டது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் வேறு யாருமில்லை, 'டெர்மினேட்டர்' பட நாயகன் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர்! 2011 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. அறிவியல் ஆதாரம் வெறும் தொடர்பைக் காட்டுகிறதே தவிர காரணத்தைக் காட்டவில்லை, பக்ஸ் பன்னி கார்ட்டூன் பார்த்தாலும் இதே அளவு விளைவுதான் வருகிறது என்றார் நீதிபதி ஸ்காலியா. (சட்டத்தைக் கொண்டுவந்த உறுப்பினர் லீலண்ட் யீ, பிற்பாடு ஊழல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2016-ல் ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். ஆயுதக் கடத்தலுக்கு உதவுவதாகச் சொன்னதும் அந்த வழக்கில் அடக்கம். நிஜத் துப்பாக்கிகள்!)

சிந்தனைத் திறன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003-ல் ஷான் கிரீனும் டாப்னே பவேலியரும், அதிரடி விளையாட்டு ஆடுபவர்களின் பார்வைக் கவனம் கூர்மையாகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உடனே "கேம் ஆடினால் மூளை வளரும்" என்று இந்தப் பக்கமும் ஆரவாரம். ஆனால் அந்தக் கூர்மை கணக்குப் பாடத்துக்கோ நினைவாற்றலுக்கோ பரவுவதாகப் பின்வந்த தொகுப்பாய்வுகள் காட்டவில்லை. டூமும் கொல்லவில்லை, டெட்ரிஸும் ஐன்ஸ்டைனாக்கவில்லை.

அப்படியானால் வீடியோ கேம் குழந்தைகளை ஒன்றுமே செய்வதில்லையா? இங்கேதான் லா கார்டியாவிடம் திரும்பிப் போக வேண்டும். எல்லோரும் முப்பது நாற்பது வருடம் திரையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டிருந்தபோது, சட்டைப்பையை யாரும் பார்க்கவில்லை. 2000களுக்குப் பின் விளையாட்டுகள் இலவசமாக வரத் தொடங்கின. உள்ளே போனால் 'லூட் பாக்ஸ்' என்ற பெட்டி. காசு கொடுத்துத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. பெட்டிக்கடையில் காசு கொடுத்துச் சீட்டு கிழித்துப் பரிசு பார்ப்போமே, அதே வித்தைதான். பரிசு எப்போது விழும் என்று தெரியாவிட்டால் புறா கூட விடாமல் கொத்திக் கொண்டே இருக்கும் என்பதை 1950களிலேயே பி.எப். ஸ்கின்னர் சோதனைக் கூடத்தில் காட்டிவிட்டார். நடத்தையை மாற்றும் வழி என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று இது!

ஜப்பான் 2012-லேயே இந்த வகையில் ஒன்றைத் தடுத்தது. 2018-ல் பெல்ஜியம், சில லூட் பாக்ஸ்கள் சூதாட்டமே என்று அறிவித்தது. அதே வருடம் டேவிட் சென்டில், பால் கேர்ன்ஸ் இருவரும், லூட் பாக்ஸில் அதிகம் செலவிடுபவர்களிடம் சூதாட்டச் சிக்கலும் அதிகம் இருப்பதாகக் கண்டார்கள். எது காரணம், எது விளைவு என்று அதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொடர்பு அதன் பின் வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தென்பட்டது. சத்தச் சோதனைகளுக்கு அந்தப் பெருமை கிடையாது.

அரசுகளோ வேறு திசையில் ஓடின. 2011-ல் தென்கொரியா 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டை மூடியது, பத்து வருடம் கழித்துக் கைவிட்டது. சீனா 2019-ல் ஒரு நாளைக்கு 90 நிமிடம் என்றது. அதனால் அளவுக்கு மீறி ஆடுவது குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. அதற்குள் 2021-ல் வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று சீனா இன்னும் இறுக்கிவிட்டது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி விளையாடியதற்காகக் கல்லூரி மாணவர்களையே போலீஸ் கைது செய்தது. ஆடிய பையன்கள் மீது வழக்கு!

2022 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தோடு 52 கோடி டாலருக்கு ஓர் உடன்பாடு செய்தது. ஃபோர்ட்நைட்டில் சுட்டால் ரத்தம் வராது, சுடப்பட்டவர் ஒளியாக மறைந்துவிடுவார். 1993-ன் செனட்டர்கள் பார்த்திருந்தால் பெரிதாகக் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். குற்றச்சாட்டு வேறு. ஒரே அழுத்தலில் பணம் போகும்படி பொத்தான்களைக் குழப்பமாக வைத்தது, 2018 வரை பெற்றோரின் சம்மதம் இல்லாமலே குழந்தைகள் வாங்க விட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் கணக்கை முடக்கியது, சிறுவர்களின் தகவல்களைச் சேகரித்தது என்று அது நீண்டது. அதில் 24.5 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒதுக்கப்பட்டது. 2017 ஜனவரிக்கும் 2018 நவம்பருக்கும் இடையில் தங்களுக்குத் தெரியாமல் பிள்ளைகள் செலவழித்ததாகச் சொல்லிப் பெற்றோர்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஆணையம் அறிவித்தது. முதல் தவணையாக 7.2 கோடி டாலருக்கு மேல் 2024 டிசம்பரில் அனுப்பப்பட்டது.